அம்மாவுக்கு ராத்திரியில் வேலை

டிசம்பர் மாதம் மகளின் ப்ரீஸ்கூல் சுவரில் குழந்தைகள் வரைந்த படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். அம்மா என்ன செய்கிறாள், அப்பா என்ன செய்கிறார் என்று ஆளுக்கொரு படம். குழந்தை வாயால் சொன்னதை ஆசிரியை கீழே அப்படியே எழுதியிருந்தார். என் நாலு வயதுக்காரி தாளில் பாதியைக் கறுப்புக் கிரேயானால் அப்பி வைத்திருந்தாள். கீழே இரண்டே வரி: “அம்மா ராத்திரியில் வேலை செய்கிறாள். அப்பாவின் வேலை தம்பி.”

பக்கத்தில் நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எங்கோ சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் நடுவில் சூரியன் எழ காலை எட்டரை தாண்டிவிடும். பிற்பகல் 3 மணி அடிப்பதற்குள் மறைந்தும் விடும். நான் கிளம்பும்போது இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஆக, அம்மாவின் ஆபீஸ் ராத்திரிக்குள் இருக்கிறது. அப்பாவோ வெளிச்சத்தில் தம்பியோடு இருக்கிறார்.

மற்றக் குழந்தைகள் சொன்னதையும் நின்று படித்தேன். தீயணைப்பு வீரரின் மகன்: “அப்பா வேலைக்குப் போய்த் தூங்குவார், வீட்டுக்கு வந்தும் தூங்குவார்.” பல் டாக்டரின் மகள்: “அம்மா எல்லோர் வாயிலும் மிட்டாய் இருக்கா என்று தேடுவாள்.” இன்னொன்று: “அப்பா கம்ப்யூட்டரில் இருக்கிறவர்களுக்குத் தலையாட்டுவார்.” ஒன்றுகூடப் பொய் இல்லை. கண்ணில் பட்டதை வைத்து மீதியைத் தானே கட்டிக்கொள்கிற இந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர்கள் உடனே திருத்தப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. அதுவாகவே மாறும்.

சின்ன வயதில் என் கணக்கும் இப்படித்தான் இருந்தது. அப்பாவுக்கு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. காலையில் சங்கு ஊதினால் சைக்கிளை எடுப்பார், சாயங்காலம் சங்கு ஊதினால் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் தெரிவார். அதனால் அந்தச் சங்கை ஊதுவதே அப்பாதான் என்று உறுதியாக நம்பினேன். திருச்சி முழுக்கக் கேட்கிற மாதிரி ஊத எவ்வளவு மூச்சு வேண்டும், அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார் என்றும் முடிவு கட்டியிருந்தேன். அம்மாவைப் பற்றி வைத்திருந்த எண்ணம் இன்னும் எளிது. நான் கண் மூடும்போதும் விழித்திருக்கிறாள், கண் திறக்கும்போதும் விழித்திருக்கிறாள். அம்மாக்களுக்குத் தூக்கம் கிடையாது. அவ்வளவுதான்.

எதற்கு இதெல்லாம் ஞாபகம் வருகிறது? இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்கிறேன், பிள்ளைக்கு மழை ஓவர்ஆல் என்கிற முழு உடுப்பை மாட்ட ஒரு நிமிடம் போதும், ஆசிரியையைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் வாய் வந்துவிட்டது. ஆனால் “அப்பாவின் வேலை தம்பி” என்ற வரி மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை.

ஸ்வீடனில் ஒரு குழந்தைக்கு 480 நாள் பெற்றோர் விடுப்பு. அதில் 390 நாளுக்குச் சம்பளத்தை ஒட்டிய பணம் வரும். அதற்குள் 90 நாள் அம்மாவுக்கு, 90 நாள் அப்பாவுக்கு என்று தனியாக ஒதுக்கப்பட்டது. அப்பா எடுக்காவிட்டால் அந்த 90 நாளை அம்மா பேருக்கு மாற்ற முடியாது, வீணாகத்தான் போகும். தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பை இருவருக்குமானதாக உலகத்திலேயே முதலில் மாற்றியது இந்த நாடு, 1974-ல். அப்படியும் ஆண்கள் அதிகம் எடுக்கவில்லை என்றுதான் 1995-ல் ஒரு மாதத்தை ஒதுக்கினார்கள். 2002-ல் அது இரண்டானது, 2016-ல் மூன்று.

எங்கள் வீட்டில் முதல் எட்டு மாதம் நான், அப்புறம் அவர். தள்ளுவண்டியோடு பஸ்ஸில் நடுக்கதவு வழியாக ஏறுகிறார். வண்டியில் குழந்தை இருந்தால் கூட வருகிறவருக்கு டிக்கெட் கிடையாது. மகளுக்கு அதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது: “தம்பி டிரைவருக்கு ஃப்ரெண்டு, அதான் அப்பாவைச் சும்மா விடறாங்க.”

ராத்திரி பையன் சிணுங்கினால் இப்போது தேடுவது அவரைத்தான். அவர் தோளில் போட்டதும் அடங்கிவிடுகிறான். பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு அது நிம்மதியாகவும் இருக்கிறது, தொண்டையை அடைக்கவும் செய்கிறது. இரண்டும் உண்மைதான்.

இங்கே 2024 ஜூலையிலிருந்து பெற்றோர் தங்கள் விடுப்பில் ஆளுக்கு 45 நாள்வரை தாத்தா பாட்டிக்குக்கூடக் கொடுக்கலாம். செய்தியைப் படித்ததும் மனசு நேராகப் பொன்மலைக்கு ஓடியது. ஆனால் வாங்கிக்கொள்கிறவரும் இந்த நாட்டுச் சமூகக் காப்பீட்டுக்குள் இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வந்து 90 நாளில் கிளம்புகிற பாட்டிக்கு அதில் இடமில்லை. எத்தனையோ யோசித்துச் சட்டம் போடுகிற நாடு, கடல் தாண்டி இருக்கிற பாட்டிகளையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் கேட்டாள்: “தாத்தா, அம்மா பாப்பாவா இருந்தப்போ நீங்க எத்தனை மாசம் வீட்ல இருந்தீங்க?”

நான் பிறந்தது 1988. மத்திய அரசு ஊழியரான அப்பாக்களுக்கு 15 நாள் விடுப்பு என்று வந்ததே 1997-ல். தலைப்பிரசவம், அம்மா தன் தாய்வீட்டில் இருந்தாள். அப்பா ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்.

“எனக்கு லீவு ஏது கண்ணு? வாரத்துக்கு ஒரு நாள் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை போறப்பவும் உங்கம்மா ஒரு சுத்து பெருசாயிருப்பா. என்னை யாருன்னு தெரியாம அழுவா” என்றார்.

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மனசில் வைத்திருந்ததைப் பேத்தி கேட்டதும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அப்பாவின் போன் வருவது எனக்கில்லை, என் கணவருக்கு. “மாப்ள, பல்லு வெளிய தெரியுதா? பகல்ல எத்தனை மணிக்குப் படுக்கறான்? தோள்ல போட்டா எந்தப் பக்கம் சாய்றான்?” என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இவரும் வண்டியை ஆட்டிக்கொண்டே பொறுமையாகப் பதில் சொல்கிறார்.