கொழிஞ்சாம்பாறை தோப்புல பெயிண்ட்பால் டீம், இதுவரைக்கும் நடந்தது

டீம்னா மொத்தம் பத்துப் பேருங்க, பாதிப்பேரு பொள்ளாச்சிப் பக்கம், பாதிப்பேரு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை பக்கம், ரெண்டு மூணு பேருக்கு வீட்டுப் பேச்சு மலையாளம், ஆனா ஆட்டம் நடக்கற தென்னந்தோப்புக்குள்ள வந்துட்டா எல்லாரும் தமிழ்தான். முன்னாடி எல்லாரும் சேர்ந்து கிரிக்கெட்தான் ஆடிட்டு இருந்தோம், எல்பிடபிள்யூ இருக்கா இல்லையான்னு ஆரம்பிச்ச சண்டை ஒரு தடவ பேச்சுவார்த்தையே நின்னு போற அளவுக்குப் போச்சு, சின்ன வயசுல இருந்து பழகுன பசங்க நோம்பிக்கு நோம்பி ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகாம இருந்தாங்க. அப்பதான் கோயமுத்தூர்ல ஒரு எடத்துல பெயிண்ட்பால் ஆடப் போனோம், பெயிண்ட் நிரப்புன குண்டால ஒருத்தர ஒருத்தர் சுட்டு அவுட் ஆக்கற ஆட்டம். எனக்கு அந்த ஆட்டத்துல மனசுல ஒட்டிக்கிட்டது சுடுறது இல்ல, அடி பட்டவன் தானே கையத் தூக்கிட்டு வெளிய போறது.

இந்த ஆட்டத்துக்கு அம்பயர் இருக்கலாம், ஆனா மரத்துக்குப் பின்னாடி படுத்திருக்கறவன் முதுகுல பட்டதை அம்பயர் எங்க பாக்கப் போறாரு. பட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் சொன்னாத்தான் ஆட்டம், சொல்லலைனா அழுகுணி ஆட்டம். அதனால டீமுக்கு ஆள் சேர்க்கும்போது குறி பாத்து சுடுவானான்னு நாங்க பாக்கவே இல்ல. பட்டா ஒத்துக்குவானா, தோத்தா சிரிச்சுட்டு வருவானா, அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் பொறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1981 ஜூன் 27, அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல ஹெனிக்கர்ங்கற ஊர்க் காட்டுல 12 பேரு சேர்ந்து ஆடுனாங்க, கொடிகளத் தேடிப் புடிக்கணும், யாருகிட்டயும் சுடு வாங்காம வெளிய வரணும். ஜெயிச்சவரு காட்டு மரங்களப் பாத்துக்கற வேலைல இருந்தவரு, கடைசி வரைக்கும் ஒரு குண்டு கூட சுடாமயே ஜெயிச்சாராம். அவங்க கையில இருந்த நெல்ஸ்பாட் 007 கூட வெட்ட வேண்டிய மரத்துக்கும் மாட்டுக்கும் பெயிண்ட் அடையாளம் வைக்கறதுக்காக செஞ்ச கருவிதான். எங்க பக்கம் கேரள வாடல் நோய் வந்து வெட்ட வேண்டிய தென்னைக்கு பெயிண்ட் அடிச்சு வைக்கறது தெரியாதவங்க யாரும் இல்ல, அதனால இதைச் சொன்னதும் எங்க சித்தப்பாவுக்கு உடனே புரிஞ்சுது. தோப்பை ஆடக் குடுத்ததும் அவருதான்.

மார்க்கர்ங்கற பெயிண்ட் குண்டு சுடற துப்பாக்கி, மாஸ்க், குண்டைத் தள்ளற வாயு சிலிண்டர் எல்லாம் வாடகைக்குத்தான், கூட ஒரு ஆளும் வருவாரு. எடுத்துட்டு வரும்போது பாக்க நெஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும்கறதால பெட்டிக்குள்ள வச்சு, மேல மாஸ்க்கை அடுக்கி, வாடகை பில்லையும் கையில வச்சுக்குவோம். முதல் ஆட்டத்துக்கு முன்னாடியே ஸ்டேஷன்லயும் பக்கத்துத் தோப்புக்காரங்க கிட்டயும் சொல்லிட்டோம், டப் டப்னு சத்தம் கேட்டு யாரும் பயந்துறக் கூடாதுல்ல.

தோப்பு ஆட ரொம்ப நல்லா இருக்குங்க ஆனா காய் போட்டு முடிச்ச வாரத்துலதான் ஆடுவோம், மேல முத்துன காயோ காஞ்ச மட்டையோ தொங்கிட்டு இருந்தா அந்தப் பக்கம் ஆட்டமே கெடையாது, மரத்த அண்ணாந்து பாத்துட்டு கயித்தைக் கட்டி ஒதுக்கிருவோம். மறைவுக்கு மஞ்சி மில்லுல இருந்து நார்த்தூள் நிரப்புன சாக்கு வாங்கிட்டு வந்து ரெண்டடுக்கு மூணடுக்கா போட்டோம், பழைய டிராக்டர் டயரு நாலு. சாக்கு நல்ல மறைவு, குண்டு பட்டா அங்கயே ஒடைஞ்சு வழியுது, தெறிச்சு மூஞ்சிக்கு வர்றது இல்ல.

ஆட்டம் முடிஞ்சதும் ஒடையாம கெடக்கற குண்டெல்லாம் பொறுக்கிருவோம், இதுல மட்டும் யாருக்கும் விலக்கு இல்ல. குண்டோட தோலு ஜெலட்டின், உள்ள பாலிஎத்திலீன் கிளைக்காலும் சாயமும், துணியில பட்டா தண்ணியில போயிரும், ஆனா நாய் தின்னா உடம்புத் தண்ணியெல்லாம் வத்தி உசுருக்கே ஆபத்தாயிரும். தோப்புல நாயும் ஆடும் வந்து போகுது, மயிலு வேற.

வெயில்தான் பெரிய பாடம். பங்குனி சித்திரைல பாலக்காட்டுப் பக்கம் 40 டிகிரி வர்றது சாதாரணம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல வாயுவும் திரவமுமா இருக்கறது 31 டிகிரி வரைக்கும்தான், அதுக்கு மேல சூடு ஏற ஏற அழுத்தம் கிடுகிடுன்னு ஏறும், அழுத்தம் ஏறுனா குண்டோட வேகமும் ஏறும். காலைல சரியா வச்ச மார்க்கர் மத்தியானம் அதே மாதிரி இருக்காது. அதனால சிலிண்டர் எல்லாம் சாளைத் திண்ணையில ஈரச் சாக்கு போட்டுத்தான் இருக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி குரோனோகிராஃப்ல வேகம் பாப்போம், வினாடிக்கு 280 அடிக்கு மேல காட்டுனா அந்த மார்க்கர் உள்ள வராது, யாரு கெஞ்சுனாலும் சரி. வெயில்ல குண்டும் கொழகொழன்னு ஆயி ஒடையாமத் துள்ளும். துள்ளுனா அவுட் இல்ல, ஒடைஞ்சு பெயிண்ட் ஒட்டுனாத்தான் அவுட். ஆனா வலி மட்டும் ஒடைஞ்சதை விட அதிகம்.

அப்புறம் காத்து. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற காத்துக்கு 3 கிராம் குண்டு எம்மாத்திரம். நேரா கண்ணுக்குத் தெரியற ஆளைக் குறி வச்சா ரெண்டு மரம் தள்ளிப் போய் விழுது. கொழிஞ்சாம்பாறை பசங்க காத்துக்கு எதிர்ல இருந்து சுடாம சித்த நேரம் பொறுத்து பக்கவாட்டுல நகந்து வருவாங்க, பொள்ளாச்சிப் பசங்க அதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டாங்க.

மாஸ்க் விசயத்துல நான் ரொம்பக் கறார். மழை முடிஞ்ச புழுக்கத்துல உள்ள ஆவி படிஞ்சு ஒண்ணுமே தெரியாது, கை தானா மாஸ்க்கைத் தூக்கப் போகும். கண்ணுக்கு அடுத்த வாய்ப்பு கெடையாதுங்க. யாராவது தூக்கறதைப் பாத்தா "ஜூட்!"னு கத்தணும், கத்துனதும் அத்தனை பேரும் மார்க்கரைத் தாழ்த்திறணும், ஜெயிக்கற நேரமா இருந்தாலும். சின்னப் புள்ளைல வெளையாடும்போது சொன்ன அதே ஜூட்தான், அதனால யாருக்கும் சொல்லிக் குடுக்கவே வேண்டியிருக்கல. முதல்ல சொந்தமா வாங்கப் போறது மார்க்கர் இல்ல, ரெட்டைக் கண்ணாடி வச்ச மாஸ்க்தான், அதுல ஆவி அவ்வளவு சீக்கிரம் படியாது.

பத்தடிக்குள்ள ஆளைப் புடிச்சுட்டா சுடறதுக்கு முன்னாடி "சரண்டர்?"னு கேக்கணும்னு ஒரு விதி வச்சிருக்கோம். கேட்டா மரியாதையா ஒத்துக்கிட்டு வெளிய வரணும். அவ்வளவு கிட்ட இருந்து சுட்டா தழும்பு வாரக்கணக்குல இருக்கும், நாளைக்கு டீக்கடையில பக்கத்துல உக்காரப் போறவன் அவன்தானே.

மறக்கவே முடியாதது ஒண்ணு. கொடி ஆட்டம், ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தர்தான் பாக்கி. எங்க பக்கம் மில்லுல வேலை பாக்கற அண்ணன், கொடி அவரு கையில இருக்கு, வாய்க்காலைத் தாண்டுனா ஜெயிச்சாச்சு. தாண்டறதுக்கு ஓடுனாரு, எதிர்ல என் தங்கச்சி டயருக்குப் பின்னாடி இருந்து சுட்டுட்டே இருந்தா, நாங்க வெளிய நின்னவங்க எல்லாம் பட்டதுன்னு ஒருத்தரும் நெனைக்கல, தங்கச்சியே மார்க்கரை எறக்கிட்டா. அண்ணன் வரப்பு மேல நின்னாரு. வலது செருப்பக் கழட்டி அடியத் திருப்பிப் பாத்தாரு, குதிங்கால் கிட்ட பத்து பைசா அளவுக்கு மஞ்சப் பெயிண்ட். "பட்டுருச்சு கண்ணு, நாந்தான் அவுட்டு"ன்னு கொடியை அங்கயே நட்டு வச்சுட்டு கையத் தூக்கிட்டு வந்துட்டாரு. தங்கச்சி ஓடி வந்து "அண்ணா, நீங்க சொல்லலைனா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்ணா"ன்னா. அவரு செருப்ப மண்ணுல தேய்ச்சுட்டே "எனக்குத் தெரியுமில்ல"ன்னாரு. அன்னைக்கு நாங்க தோத்தோம், ஆனா இந்த டீம் நிக்கும்னு எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நிமிசந்தான்.

இதுக்கு நேர்மாறாவும் ஒருத்தன் வந்தான், குறி தப்பவே தப்பாது, ஆனா தோள்ல பட்டதை மட்டையில தேய்ச்சுட்டுத் தொடர்ந்து ஆடுனதை ரெண்டு பேரு பாத்துட்டாங்க. கூட்டத்துல வச்சு யாரும் ஒண்ணும் கேக்கல. பொழுதோட எல்லாரும் போனப்புறம் அண்ணன் அவனத் தனியா கூட்டிட்டுப் போயி பேசுனாரு. அவன் ரோசப்பட்டு ரெண்டு மூணு வாரம் வரல, அப்புறம் வந்தான். வந்தன்னைக்கு யாரும் கேக்காமயே ரெண்டு தடவ கையத் தூக்குனான். இப்ப அவன்தான் எங்க காவல் ஆளு. பழைய கிரிக்கெட் சண்டைக்காரங்க ரெண்டு பேரும் ஒரே சாக்குக்குப் பின்னாடி உக்காந்து ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆள் வர்ற பக்கம் சொல்லிக்கறாங்க, அதைப் பாக்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோசமா இருக்கு.

இன்னும் தீராத ஒரே விசயம் ஹாப்பர்ல, அதாவது மார்க்கர் மேல குண்டு நிரப்பி வைக்கற டப்பாவுல, பட்டா அவுட்டாங்கறது. மார்க்கர் மேல பட்டாலும் ஆளு மேல பட்ட மாதிரிதான்னு நான் சொல்றேன், கொழிஞ்சாம்பாறை பசங்க ஒடம்புல பட்டாத்தான்னு நிக்கறாங்க. அடுத்த காய் போட்டதும் ஒரு ஆட்டம் அவங்க விதிப்படி, ஒரு ஆட்டம் எங்க விதிப்படி ஆடிப் பாக்கறதுன்னு பேசியிருக்கோம், அதுக்குள்ள டீமுக்கு ஒரு பேரும் வைக்கணும்.