ஆஸ்கியில் காசநோய் ஆலோசனை: மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

2019-இல் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களிலிருந்து ‘ஏட்காம்’ (மருத்துவருக்கான மனப்பான்மை, நெறிமுறை, பேச்சுத்திறன் பற்றிய பாடம்) பாடத்திட்டத்தின் பகுதியானது. அதன் பிறகும், நோயாளியிடம் பேசும் திறன் என்றால் வணக்கம், சிரித்த முகம், தோளில் ஒரு தட்டு என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நோயாளியின் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்டறிவதும், நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும்தான் அதில் முக்கால் பங்கு.

ஆஸ்கி என்பது மாணவர் ஒவ்வொரு மேடையாகச் சென்று, குறித்த நேரத்தில் ஒரு வேலையைச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு. அந்த மேடைக்குத்தான் ஸ்டேஷன் என்று பெயர். ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். புதிதாகக் காசநோய் உறுதியானவர், எடை 52 கிலோ, மருந்து தொடங்க வேண்டும். நேரம் 5 நிமிடம்.

உள்ளே போனதும் மாத்திரை அட்டையைக் கையில் எடுக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி, உட்கார்ந்து, “உங்களுக்கு என்னன்னு யாராச்சும் சொன்னாங்களாய்யா?” என்று கேளுங்கள். கேட்ட பிறகு பேசாமல் இருப்பதுதான் கடினம். பெக்மன், ஃபிராங்கல் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்கள் சராசரியாக 18 விநாடியில் நோயாளியின் பேச்சில் குறுக்கிட்டார்கள். காத்திருந்தால்தான் “வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு சார்” என்பது வெளியே வரும். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்: இருமும்போது வாயை மூடுவது, குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்து வருவது, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து. அந்தப் பயம் தீராமல் நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது.

இந்த எடைக்குத் தினமும் 4 கூட்டு மாத்திரை; ஒவ்வொரு மாத்திரையிலும் பல மருந்துகள் சேர்ந்திருக்கும். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் பைராசினமைடு நீங்கலாக மூன்று. நோயாளிக்கு மருந்துப் பெயர்கள் வேண்டாம். எத்தனை, எப்போது, எவ்வளவு காலம் என்பது போதும். இவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார். இருமல் சில வாரங்களில் அடங்கும். “சரியாயிடுச்சே” என்று பாதியில் விடுவதும் அப்போதுதான். கண் மஞ்சளானால், விடாமல் வாந்தி வந்தால், பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லுங்கள்.

“புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். டாக்டர் கேட்டால் எல்லாரும் “புரிஞ்சுதுங்க” என்றுதான் சொல்வார்கள். “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், நாளைக்கு எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க” என்று கேளுங்கள். “காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு” என்று பதில் வந்தால், நாலையும் ஒரே வேளையில் என்று திருத்தி, மறுபடி சொல்ல வையுங்கள். இதற்கே ஒரு நிமிடம் போய்விடும். நாலாவது நிமிடத்தோடு விளக்கத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு மூன்று பேர் வேண்டும்: டாக்டர், நோயாளி, கடிகாரத்தோடு செக்லிஸ்ட் பார்ப்பவர். நோயாளியாக நடிப்பவர் ஒரு கவலையை மனதுக்குள் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் சொல்லட்டும்.