ஒன்பதாம் பக்கத்தில் நின்ற பையன்

2020 மார்ச் 18, மலேசியாவில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். ஊரே டால்கோனா காப்பி கலக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் நாவல் எழுத உட்கார்ந்தேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு தமிழ் நாவல். அது புத்தகமாகக் கைக்கு வர மூன்றரை ஆண்டு ஆனது.

தூண்டுதல் என் அண்ணன் மகள். கோலாலம்பூரின் செந்தூலில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரவு ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். வாட்பேட் என்ற கதைச் செயலியில் ஆங்கிலக் கதை படித்துக்கொண்டிருப்பாள். தமிழில்? ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் படிப்பு மலாய்க்கு மாறிவிடுகிறது. தமிழ் ஒரு பாடம் மட்டும். அதற்கும் குறைந்தது 15 பேர் சேர வேண்டும். சரி, ஆர்வமாகத் தேடினாலும் என்ன கொடுப்பது? ஒரு பக்கம் முயல் பேசும் கதை, இன்னொரு பக்கம் நாற்பது வயதுக்காரர்களின் மனக்கசப்பு. நடுவில் உள்ள வயதுக்கு என் அலமாரியில் ஒன்றும் இல்லை.

முதல் கையெழுத்துப் படியில் கதை ரப்பர்த் தோட்டத்தில் நடந்தது. பெரட்டு என்கிற காலை ஆள் கணக்கெடுப்பு, பால்வாளி, தொழிலாளர் லயத்து வீடு எல்லாம் இருந்தது. நான் தோட்டத்தில் வளர்ந்தவளா என்றால், இல்லை. அம்மா சொன்ன கதைகள்தாம். அண்ணன் மகள் பென்சிலோடு படித்தாள். 14ஆம் பக்கத்தில் என் கதாநாயகி தோழியிடம், "நாம் நூலகத்திற்குச் செல்லலாமா?" என்று கேட்கிறாள். அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், "அத்தை, யாரு இப்படிப் பேசுவா? இவளுக்கு ஃபோன் இல்லையா?" என்று எழுதியிருந்தாள்.

இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் தோட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கதையைச் செந்தூல் அடுக்குமாடிக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாம் படியைப் பக்கத்து டியூஷன் நிலையத்தில், இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று, நான்கு படிக்கும் ஏழு பேருக்குக் கொடுத்தேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டது என் தப்பு. தமிழ்ப் பிள்ளைகள் ஆண்ட்டியிடம் நல்லா இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். கேள்வியை மாற்றினேன்: "எந்தப் பக்கத்துல நிறுத்தினீங்க?" நான்கு பேர் முடித்திருந்தார்கள். இரண்டு பேர் பாதியில் விட்டிருந்தார்கள். ஒரு பையன் ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டான். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்கினான். வீட்டுக்கு வந்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தால் பளிச்சென்று தெரிந்தது. ஆசிரியை ஒருவர் ஒன்றே முக்கால் பக்கத்துக்கு அறிவுரை சொல்லத் தொடங்கும் இடம் அது! கதைக்குள் உட்கார்ந்துகொண்டு நானே பேசியிருக்கிறேன். மொத்தத்தையும் வெட்டினேன்.

முடிவையும் மாற்றினேன். பள்ளிக்குப் போகாமல் பொந்தெங் அடித்தவள் கடைசியில் அழுது அம்மா காலில் விழுவதாக எழுதியிருந்தேன். இப்போது அவள் வீட்டுக்கு வருகிறாள். அம்மா சோறு போடுகிறார். இருவரும் எதுவும் பேசுவதில்லை. பெரியவர்களுக்குத்தான் அந்த முடிவு பிடிக்கவில்லை.

மொழிதான் பெரிய தலைவலி. பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசுகிறார்கள். "சிக்கு வர்றதுக்குள்ள கந்தீன்ல சாப்ட்றலாம் லா." (சிக்கு என்றால் ஆசிரியர், கந்தீன் என்றால் சிற்றுண்டிச்சாலை.) இதைச் செந்தமிழாக்கினால் பிள்ளை செத்துவிடும். அப்படியே எழுதிக்கொண்டே போனால் முந்நூறு பக்கம் கண் வலிக்கும். கடைசியில் உரையாடலை அவர்கள் வாய்மொழியிலும், விவரிப்பை எளிய எழுத்துத் தமிழில் சின்னச் சின்ன வாக்கியங்களிலும் வைத்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் மலாய்ச் சொற்களுக்கு அடிக்குறிப்பு கேட்டார். கோலாலம்பூரில் யாருக்குக் கந்தீன் புரியாது? போடவில்லை. ஃபோனும் கதைக்குள் வந்தது. வாட்சாப் குரூப்பில் ஒருத்தி 'டைப்பிங்' என்று காட்டி, காட்டி, எதுவும் அனுப்பாமல் போகிறாள். பிள்ளைகள் அத்தனை பேரும் பேசியது அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான்.

பதிப்பகம் ஒன்று, "பெரியவர்களுக்கா சிறுவர்களுக்கா, ஒன்றைச் சொல்லுங்கள்" என்றது. சரி, சொந்தமாகவே போட்டேன். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. எழுதியவரே பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சானதும் அவர்களுக்கு 5 பிரதி கொடுக்க வேண்டும். துன் ரசாக் சாலையில் அந்த ஐந்தையும் கொடுத்துவிட்டு வெளியே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அடித்தது 300. கட்டிலுக்கடியில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது. வாங்கியவர்களில் பாதிப் பேர் பெற்றோர்கள், அந்தப் பையனின் அம்மா உட்பட. அவனுக்கு இந்த வருடம் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு. எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை.