கோவையில் மூளைச்சாவு, கேரளத்தில் எஃப்.ஐ.ஆர்.: மச்சானின் உறுப்பு தானம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களுக்கு ரேஷன் கார்டு, ஓட்டு, போலீஸ் எல்லாம் கேரளம். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் புடவைக்கும் கோயம்புத்தூர். சாதாரண நாளில் இது சௌகரியம்தான். ஆனால் விபத்து எல்லைக்கு இந்தப் பக்கமும் சாவு அந்தப் பக்கமும் நடந்தால், அதில் உறுப்பு தானமும் சேர்ந்தால், என்னென்ன வேலை வரும் என்பது மச்சான் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது யாராவது கேட்டால் சொல்கிறேன், அதையே இங்கே எழுதுகிறேன்.

மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். கொழிஞ்சாம்பாறை ரோட்டில் பைக்கில் போகும்போது டெம்போ மோதித் தலையில் அடி. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தும் கண் திறக்கவில்லை. மூளைச்சாவு போலத் தெரிகிறது, சோதனை செய்துதான் உறுதி சொல்ல முடியும் என்றார் டாக்டர். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "கை சூடா இருக்குது, நெஞ்சு ஏறி இறங்குது, செத்துட்டார்ங்கறீங்களே" என்று சண்டைக்கே போய்விட்டார். நெஞ்சை ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர். இதயத்துக்குத் தானாகத் துடிக்கும் வல்லமை உண்டு, ஆக்சிஜன் கிடைக்கும் வரை கொஞ்ச காலம் துடிக்கும். கோமாவிலிருந்து எழுந்தவர்கள் உண்டு. மூச்சை இயக்குகிற மூளைத்தண்டு செத்துவிட்டால் திரும்புவது கிடையாது, அதுதான் மூளைச்சாவு. இதை அம்மாவுக்கு ஒரு நர்ஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

சோதனையை ஒரு டாக்டர் செய்துவிட்டுப் போவதில்லை. நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும், உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் குழுவில் இருப்பவர்கள் அதில் இருக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு இது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள், விழியைப் பஞ்சால் தொடுகிறார்கள், காதில் ஐஸ் தண்ணீர் விடுகிறார்கள். கடைசியில் ஆப்னியா டெஸ்ட். குழாயில் ஆக்சிஜனை மட்டும் விட்டு வென்டிலேட்டரைக் கழற்றிவிடுவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் உயிருள்ள மூளைத்தண்டு ஒரு மூச்சாவது இழுக்க வைக்கும். மச்சான் இழுக்கவில்லை. குறைந்தது 6 மணி நேரம் கழித்து இதே சோதனைகளை மறுபடியும் முழுக்கச் செய்கிறார்கள். இந்த இடைவெளியில் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதை அப்போதே தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

எங்களுக்கு அது சிக்கலாகவில்லை. 2008-இல் ஹிதேந்திரன் என்ற பையன் விபத்தில் மூளைச்சாவு அடைந்து, டாக்டர்களான பெற்றோரே அவன் உறுப்புகளைக் கொடுத்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா இப்படித்தான் செய்யணும்" என்று மச்சான் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். உறுப்பு தான கார்டு எதுவும் எடுத்து வைக்கவில்லை. என்னைக் கேட்டால் வீட்டில் வாய்விட்டுச் சொன்ன அந்த ஒரு வரிதான் பெரிது, பர்ஸில் இருக்கும் கார்டை அந்த நேரத்தில் யார் தேடப் போகிறார்கள்? ஆஸ்பத்திரியில் உறுப்பு தான வேலைகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டர் அம்மா, குடும்பம் சம்மதம் எழுதிக் கொடுக்கும் படிவம் 8-ஐ நீட்டியதும் அக்கா ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டுக் கேட்டு ஒப்புக்கொண்டாள். கண்ணுக்கு மட்டும் தயங்கினாள். முகம் மாறாது என்று அந்த அம்மா உறுதி சொன்ன பிறகு அதற்கும் சரி என்றாள்.

எங்கள் தெருவில் ஒருவர் வருடக்கணக்காக டயாலிசிஸில் இருக்கிறார். ஒரு கிட்னியை அவருக்குக் கொடுக்கலாமா என்று சித்தப்பா கேட்டார். நியாயமான ஆசைதான், ஆனால் முடியாது. யாருக்குப் போகும் என்பதை டிரான்ஸ்டான் என்ற தமிழ்நாடு அரசு அமைப்பு காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. குடும்பம் ஆளைக் காட்ட முடியாது, ஆஸ்பத்திரியும் வாங்கியவர் பெயரைச் சொல்லாது.

அப்புறம் போலீஸ். விபத்துக் கேஸ் என்பதால் பிரேதப் பரிசோதனை கட்டாயம். போலீஸிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று எழுத்தில் வராமல் ஆஸ்பத்திரி கத்தியை எடுக்காது. எஃப்.ஐ.ஆர். எங்கள் ஸ்டேஷனில், உடம்பு கோவையில். ஆஸ்பத்திரியில் "உங்க ஊர் போலீஸ் வரணும்" என்றார்கள். ஸ்டேஷனிலோ "அவங்க முதல்ல எழுதிக் கொடுக்கட்டும்" என்றார்கள். உள்ளே மச்சானின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது, மருந்து ஏற்றித்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். இதயம் நின்றுவிட்டால் இத்தனை பேர் பட்ட பாடும் வீண். கடைசியில் ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு மாமா பையன் பைக்கில் ஸ்டேஷனுக்குப் போய், விடியற்காலையில் எஸ்.ஐ.யைக் கையோடு கூட்டி வந்தான். அவர் எழுதியது மலையாளம், இங்கே எல்லாம் ஆங்கிலமும் தமிழும். நடுவில் உட்கார்ந்து இரண்டையும் படித்துச் சொன்னது நான். எல்லைப்புறத்துக்காரர்கள் எஃப்.ஐ.ஆர். நகலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதயம் பயன்படும் நிலையில் இல்லை என்றார்கள். கல்லீரலும் இரண்டு கிட்னியும் கருவிழிகளும் போயின.

வீட்டுக்கு வந்ததும் யாரும் எதிர்பார்க்காத கேள்வியை ஜோசியர் கேட்டார்: உயிர் பிரிந்தது எப்போது? முதல் சோதனை ராத்திரி. இரண்டாவது விடிவதற்கு முன்னால். இதயம் நின்றது மறுநாள் மத்தியானம் ஆபரேஷன் தியேட்டரில். இடையில் திதி மாறியிருந்தது. சர்டிபிகேட்டில் இரண்டாவது சோதனை முடிந்த நேரம்தான் இறந்த நேரமாக இருந்தது. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கொஞ்சம் யோசித்து, "டாக்டர் எழுதினதே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். வருடத் திதியை அதன்படியே கொடுத்தோம்.

பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சும் ஊரில் கிளம்பத்தான் செய்தது. மூளைச்சாவு உறுதியான பிறகு உடம்பைப் பராமரிக்கிற செலவு, உறுப்பு எடுக்கிற செலவு எதையும் தானம் கொடுக்கும் குடும்பத்திடம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, எங்களிடம் வாங்கவும் இல்லை. அதற்கு முந்தைய சிகிச்சை பில் முழுவதும் நாங்கள் கட்டியது, நகையை அடகு வைத்து. ஒரு பெரியப்பா வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அந்தப் பேச்சை எடுத்தபோது, அக்கா உள்ளே போய் பில் ஃபைலையும் அடகுச் சீட்டையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "கூட்டிப் பார்த்துச் சொல்லுங்க பெரியப்பா" என்றாள். அவர் கண்ணாடியை எடுத்துவரவில்லை என்றார். நான் படித்துக் காட்டினேன்.