பூம்பாறை: எட்டிப் பார்க்கவா, தங்கிப் பார்க்கவா?

கொடைக்கானல் போகிறவர்கள் பெரும்பாலும் பூம்பாறையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஊருக்கு மேலே சாலை வளைவில் இருக்கும் காட்சிமுனையில் வண்டியை நிறுத்துவார்கள். கீழே நெருக்கமாகக் கட்டிய வீடுகளின் கூரைகளையும், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்களையும் படம் எடுத்துக்கொண்டு, அதற்கு அப்பால் உள்ள மன்னவனூருக்குக் கிளம்பிவிடுவார்கள். வீடு திரும்பியதும் “படத்தில் பார்த்த மாதிரி இல்லையே” என்ற குறை எழும். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூம்பாறை என்ன செய்யும், அவர்கள் போய்ச் சேர்ந்த மாதமும் நேரமும் அப்படி.

ஊர் கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்குச் சற்று மேல். படங்களில் நாம் பார்க்கும் அந்தப் பச்சைக்குப் பெரும்பங்கு பூண்டுப் பயிருடையது. இந்த மலையில் பூண்டுக்கு இரண்டு போகம். மே மாதத்தை ஒட்டி ஒரு நடவு, அக்டோபர், நவம்பரில் இன்னொரு நடவு. நட்டு இரண்டு மாதம் ஆனால்தான் தாள் (பூண்டின் இலை) நிமிர்ந்து, எட்ட நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படிக்கட்டு முழுக்கப் பச்சையாகத் தெரியும். அதாவது ஜூலை, ஆகஸ்டில் ஒரு முறை, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இன்னொரு முறை. பள்ளி விடுமுறைக் கூட்டம் மலையேறுவதோ ஏப்ரலிலும் மே மாதத்திலும். அப்போது பூண்டு வயல்களில் பல உழுது போட்ட மண்ணாகவோ, அப்போதுதான் முளைவிட்ட நாற்றாகவோ இருக்கும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்ட வயல்கள் இடையிடையே பச்சை காட்டும், அவ்வளவுதான். ஆக, கூட்டம் மிக அதிகமாக இருக்கும் மாதத்தில்தான் அந்தப் படத்துக் காட்சி கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்தது நேரக் கணக்கு. மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். காலை 6 மணிக்குப் புறப்பட்டாலும், வத்தலக்குண்டில் சாப்பிட்டு மலையேறிக் கொடைக்கானலுக்குள் நுழையும்போது 10 மணி ஆகிவிடும். அங்கிருந்து பூம்பாறைக்குக் கூட்டமில்லாத நாளில் முக்கால் மணி நேரம். மே மாத ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிச் சாலையைத் தாண்டவே அதைவிட அதிக நேரம் பிடிக்கலாம். அப்படிப்பட்ட நாளில் நீங்கள் காட்சிமுனையில் நிற்கும்போது நண்பகல் ஆகிவிடும். மலையில் பெரும்பாலான நாட்களில் காலைதான் தெளிவு. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறத் தொடங்கினால், கால் மணி நேரத்தில் எதிரே இருந்த ஊர் மறைந்துவிடும். ஒரே நாளில் போய்த் திரும்புபவர்களுக்குப் பூம்பாறை வாய்க்காமல் போவதற்கு இதுவே காரணம். ஒரு ராத்திரி தங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. விடிந்து 7 மணிக்கு, வேலைக்குப் போகிறவர்கள் வயலில் இறங்கும் நேரத்தில், சுற்றுலா வண்டி ஒன்றுகூட வந்திராத ஊர் உங்கள் கண்முன் இருக்கும்.

ஆகவே என் கணக்கு இது. கையில் ஒரு நாள்தான் என்றால் பூம்பாறைக்கு மெனக்கெட வேண்டாம், கொடைக்கானலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ராத்திரி இருக்கிறது, அதுவும் ஜூலையிலோ பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஜனவரிக் கடைசியிலோ, வாரநாளாக என்றால் தயங்காமல் போங்கள். இரண்டாவது ராத்திரியை மன்னவனூர்ப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அக்டோபர், நவம்பரைத் தவிர்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் இங்கே மண் சரிவதும் மரம் விழுவதும் வழக்கம். மலைப்பாதை அடைபட்டால் திரும்பும் நாள் உங்கள் கையில் இருக்காது.

யாருக்கு இந்த ஊர் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குப் படகு, குதிரை, சைக்கிள், சாக்லேட் கடை வேண்டுமென்றால் அதெல்லாம் கொடைக்கானல் ஏரிக்கரையில்தான். ஊர்ச் சந்துகள் செங்குத்தாக ஏறி இறங்குபவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கோயில் வரை போய்வருவதே போதும் போதும் என்றாகிவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரி இரவுக் குளிரை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும்.

போவது என்று முடிவானால் முதல் வேலை இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். பாஸ் ஆளுக்கல்ல, வண்டிக்கு. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. கோடைக்காலத்தில் “போகிற வழியில் போட்டுக்கொள்ளலாம்” என்று இருந்துவிடாதீர்கள். அறை பதிவு செய்வதற்கு முன்பே பாஸை எடுத்துவிடுங்கள். மலையேறும் வழியில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் க்யூஆர் கோடைப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் இணையம் தேடித் தடுமாறும் ஒரு வண்டிக்குப் பின்னால் ஐம்பது வண்டி நிற்கும்.

அதே சாவடியில் பிளாஸ்டிக்கும் பார்ப்பார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை. பிடிபட்டால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், வண்டியில் ஒரு பெரிய கேன் போதும்.

அறை எடுக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். “பூம்பாறை” என்று பெயர் போட்ட தங்குமிடங்கள் எல்லாம் ஊருக்குள் இருப்பதில்லை. சில, சாலையில் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? நம் கார் வாசல் வரை வருமா, இல்லை கடைசித் துண்டுக்கு ஜீப்பா? ஜீப் என்றால் போகவர எவ்வளவு, யார் கொடுப்பது? வெந்நீருக்கு ஹீட்டரா, விறகு அடுப்பா? கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? ராத்திரிச் சாப்பாடு அங்கேயே கிடைக்குமா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இந்த ஊரில் ராத்திரி 9 மணிக்குக் கடை தேடினால் பட்டினிதான். அறையின் புகைப்படத்தை மட்டும் நம்பாமல், ஜன்னலைத் திறந்து வைத்து வெளிக்காட்சியோடு ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல இடம் நடத்துபவர் உடனே அனுப்பிவிடுவார். கூடாரத் தங்கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று போக வேண்டாம். அனுமதியில்லாத கூடாரங்களை நிர்வாகம் அகற்றினால் நடுராத்திரியில் நீங்கள்தான் தெருவில் நிற்பீர்கள். அது போக, காட்டுமாடு மேயும் மலை இது.

காட்டுமாடு பற்றி இன்னும் கொஞ்சம். இருட்டிய பிறகு சாலை வளைவில் கறுப்பாக ஒரு பாறை தெரிந்தால் அது நகர்கிறதா என்று பாருங்கள். வண்டியைத் தள்ளியே நிறுத்தி, முன்விளக்கை டிம் செய்து, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தால் அதுவாகவே இறங்கிப் போகும். செல்பி எடுக்க இறங்கினால் அது முட்டிவிடலாம். மாலை 6 மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

வண்டி ஓட்டுபவருக்குச் சில வார்த்தை. எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய பாடத்தை மறக்க வேண்டாம். இறக்கத்தில் மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பெருமாள்மலை தாண்டுவதற்குள் கருகிய வாடை வரும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அப்படி ஆனால் சின்ன கியருக்கு மாறி, அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான டிஸ்க் கோணிவிடும். குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். மஞ்சில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோபீம் போதும். டேங்கைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைக்காசும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே செல்லாது.

சொந்த வண்டி இல்லாமலும் போகலாம். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து மலைக்கு சுமார் 80 கிலோமீட்டர். கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கிளாவரைப் பக்கம் அரசுப் பேருந்துகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. இறங்கியவுடன் நடத்துநரிடம் திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. டாக்ஸி பேசும்போது “பூம்பாறை” என்று மட்டும் சொன்னால் காட்சிமுனையோடு திருப்பிவிடுவார்கள். ஊருக்குள் இறங்க வேண்டும், இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லித் தொகையைப் பேசி முடியுங்கள்.

ஊருக்குள் முதலில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போங்கள். பழனி தண்டாயுதபாணி கோயிலின் உபகோயில் இது. மூலவர் சிலையைப் போகர் செய்தார் என்பது இங்குள்ள நம்பிக்கை. அருணகிரிநாதர் இங்கே தூங்கியபோது அவரைக் கொல்ல வந்த அரக்கியிடமிருந்து, முருகன் குழந்தை வடிவில் பக்கத்தில் இருந்து காத்தார் என்றும் கதை சொல்வார்கள். தைப்பூசத்தை ஒட்டி நடக்கும் தேரோட்டத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். தெரு சரிவாக இருப்பதால் தேருக்கு முன்னாலும் பின்னாலும் வடம் கட்டுவார்கள். முன்வடம் இழுக்க, பின்வடம் பிடித்து நிறுத்தும். அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மற்ற நாட்களில் மதியம் நடை சாத்தியிருக்கலாம், காலையிலேயே போய்விடுங்கள்.

வயலுக்குள் இறங்குவதாக இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள். படிவயலின் வரப்பு ஓரம் மண்ணும் கல்லுமாக அடுக்கியது. விளிம்பில் நின்று படம் எடுத்தால் ஓரம் சரிந்து கீழ்ப்படியின் பயிர் மேல் விழும். ஒரு மழைக்கு அது இன்னும் பெரிதாகும், சீர்செய்வது அந்த வீட்டுக்காரர்தான். களை எடுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காலையில் பத்து வண்டி, மதியம் முப்பது வண்டி வந்து கேமராவை நீட்டினால் எந்த ஊருக்கும் சலிப்புத்தான் வரும்.

மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து 35 கிலோமீட்டர், பூம்பாறையைத் தாண்டித்தான் போக வேண்டும். வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பகுதியில் ஏரி, பரிசல், புல்வெளி. பக்கத்தில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குப் பூம்பாறையைவிட இது பிடிக்கும். பேரிஜம் ஏரி இதே வழியில் இல்லை, அதற்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும்.

திரும்பும்போது பூண்டு வாங்காமல் வர மனம் வராது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் வெளியூர்ப் பூண்டும் விற்கிறது. நல்ல மலைப்பூண்டின் எடை சராசரி 20 முதல் 30 கிராம், ஆகவே கிலோவுக்கு 33 முதல் 50 பூண்டு நிற்கும். இருபது பூண்டிலேயே கிலோ நிறைந்தால் சந்தேகப்படுங்கள். மூக்கருகே வைத்தால் பூண்டு வாடையோடு புகை வாடையும் வரவேண்டும். அறுவடை செய்த பூண்டைத் தாளோடு கற்றையாகக் கட்டிப் புகை காட்டுவது இங்குள்ள வழக்கம், நாள்பட இருப்பதும் அதனால்தான். கட்டைவிரலால் அழுத்தினால் பல் கல் மாதிரி இருக்க வேண்டும். அமுங்கினால் உள்ளே காய்ந்தது. தாள் கழுத்துப் பகுதி ஈரமாக இருந்தால் வாங்க வேண்டாம், பதினைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும். சில்லறைக்கு ஊர் வீடுகளிலேயே கேட்கலாம். மொத்தமாக வேண்டுமென்றால் பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தை இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, தாளோடு கட்டி, அடுப்படியில் காற்றோட்டமான ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் முளைத்துவிடும்.