வால்வு இல்லாத எஞ்சின்

முதன்முதலாக ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியைக் கழற்றியபோது, பெட்ரோல் கலவை வரவும் புகை போகவும் வழியைத் திறந்து மூடும் வால்வைத் தேடினேன். இல்லவே இல்லை. சிலிண்டர் சுவரில் சில துளைகள், அவ்வளவுதான். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினேன். பிஸ்டன் இறங்க இறங்க, முதலில் புகை வெளியேறும் துளை திறந்தது. அடுத்த நொடி அதற்கு எதிரே இன்னொன்று. கீழே கிராங்க் இருக்கும் அறையில், அதாவது கிராங்க் கேஸில், அமுக்கப்பட்ட பெட்ரோல் கலவை அந்த வழியாகத்தான் மேலே பாய்கிறது. பிஸ்டனே வால்வின் வேலையையும் பார்க்கிறது! அன்று அரை மணி நேரம் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1876இல் ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஓட்டோ உருவாக்கிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் உறிஞ்சு, அமுக்கு, வெடி, வெளியேற்று என்று நான்கு வீச்சு. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒன்று. அதற்காக இருமடங்கு சக்தி வந்துவிடாது. எரியாத கலவையில் ஒரு பங்கு புகையோடு நழுவிவிடும். மைலேஜ் அடிபடுவது அங்கேதான்.

ஆயில்தான் இதன் உயிர். கிராங்க் கேஸ் வழியே கலவை போவதால், அதில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெரும்பாலும் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஒருமுறை ஆயில் கலக்காமல் ஓட்டிய பிஸ்டன் என் கைக்கு வந்தது. பக்கவாட்டில் நெடுக்காகக் கீறல்கள், நகம் வைத்தால் சிக்கும் ஆழம்.

சாலை வண்டிக்கு என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கே. ஆனால் மரம் அறுக்கும் சங்கிலி வாளில் டூ ஸ்ட்ரோக்கை அடித்துக்கொள்ள முடியாது. எடை குறைவு, எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் ஓடும்.