பழைய பாலமா, புதுசா?

என் கடைக்கு வந்த முதல் ஆள் படம் வாங்க வரவில்லை, தப்புக் கண்டுபிடிக்க வந்தார். 2016 கோடை. இண்டியானாவில் ஒரு சின்ன ஊர், கோர்ட் கட்டடத்தைச் சுற்றியுள்ள சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை. அந்தக் கோர்ட்டையே வாட்டர்கலரில் வரைந்து, சட்டம் போட்டு, நடந்து போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவைத்திருந்தேன். மூன்று நாள் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தது. கல் அடுக்கு, ஜன்னல் வளைவு எல்லாம் எண்ணிப் போட்டது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஹனி, இது எங்க ஊர் கோர்ட் இல்லையே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டடம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, படத்தில் இருந்த கோபுரத்தைத் தொட்டுக் காட்டினார். அதில் இரண்டு பக்கக் கடிகாரமும் பத்து பத்து. கைக்கடிகார விளம்பரங்களில் வைப்பார்களே, அந்த நேரம். முள் இரண்டும் அழகாக விரிந்திருக்கும் என்று நானாக வைத்தது. "எங்க கடிகாரம் ஒரு பக்கம் காட்டுற நேரத்தை இன்னொரு பக்கம் காட்டாது. பாங்க் பக்கம் பார்த்தா ஸ்கூலுக்கு லேட், சர்ச் பக்கம் பார்த்தா இன்னும் நேரம் இருக்கு. எந்தப் பக்கம் பார்க்கணும்னு எங்களுக்குத் தெரியும்." நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றில் ஒன்பதே கால், இன்னொன்றில் ஒன்பது நாற்பது. மூன்று நாள் எதிரில் உட்கார்ந்திருந்தவள் இதைக் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி பிளேடு முனையால் முள்ளைச் சுரண்டி எடுத்து மாற்றி வரைந்தேன். அடுத்த வாரமே விற்றுவிட்டது. வாங்கியது அந்த அம்மா இல்லை, வேறு யாரோ. அந்த அம்மா ஒரு வாழ்த்து அட்டைதான் வாங்கினார், அதிலும் பேரம் பேசினார்.

இந்தத் தொழிலுக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. கோவையில் ஒரு கட்டட வரைவு அலுவலகத்தில் எட்டு வருஷம் டிராஃப்டிங் வேலை பார்த்தவள். 2010ல் கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸுக்கு வந்தேன். எச்4 விசாவில் வந்தவர்கள் அப்போது சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது, ஒரு ரூபாய்க்குப் படம் விற்றாலும் தப்புதான். அதனால் ஐந்து வருஷம் வரைந்து வரைந்து அலமாரியில் அடுக்கினேன், தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 2015 மே மாதம் விதி மாறியது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் எச்4 மனைவிகளும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அந்த அட்டை கைக்கு வந்த மறுநாள் நான் போய் வாங்கியது பத்துக்குப் பத்து அடி வெள்ளைக் கூடாரம். கூடவே நாலு காலுக்கும் கட்ட நாலு மணல் மூட்டை. மூட்டை இல்லாமல் கூடாரம் போட்டால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு காற்றில் தெரிந்துவிடும். பக்கத்துக் கடைக்காரரின் கண்ணாடிச் சாமான் மேல் பறந்து போய் விழுந்தது என்னுடையது இல்லை, ஆனால் பார்த்தேன்.

வேனில் பின் சீட்டை எடுத்துவிட்டால் கூடாரம், மடக்கு மேஜை, பிரின்ட் அடுக்கும் பெட்டி, ஒரு பிளாஸ்க் ரசம் எல்லாம் அடங்கும். ஏப்ரலில் கிளம்பினால் அக்டோபர் வரை ஓட்டம்தான். வார நாட்களில் ஊர் ஊராகப் போய் வரைவது, சனி ஞாயிறு விற்பது. ஓரிஜினல் விற்றால் அந்த மாதம் பிழைத்தோம், பிரின்ட்டும் அட்டையும் பெட்ரோலுக்கு. நான் வரைவது மூடிப்போன ஒற்றைத் திரை சினிமாக் கொட்டகை, ஊர்ப் பெயர் எழுதிய தண்ணி டேங்க், ரயில் பாதையோரத் தானியக் கோபுரம், நியான் எழுத்தில் பாதி எரியாத மோட்டல் என்று எல்லாம் போன தலைமுறைச் சமாசாரம். புதுசாகக் கட்டினதை யாரும் வாங்குவதில்லை. ஒருமுறை ஆசைக்கு ஒரு ஊரின் நெடுஞ்சாலைப் பிரிவில் இருந்த பெட்ரோல் பங்க்கை மழையில் வரைந்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது எங்கள் வீட்டுக் குளியலறையில் தொங்குகிறது.

வெளியே உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு வெயிலும் குளிரும் பெரிய விஷயம் இல்லை, ஜனங்கள்தான். பாங்க் எதிரில் மாநிறத்தில் ஒருத்தி மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு கட்டடத்தை முறைத்து முறைத்துப் பார்த்தால், யாராவது போன் போடுவார்கள். ஷெரீப் வண்டி வந்து நிற்கும். இரண்டு தடவை நடந்திருக்கிறது, இரண்டு தடவையும் வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஒருவர் தன் அம்மாவுக்கு அட்டைகூட வாங்கிப்போனார். இருந்தாலும் அந்த அரை நிமிஷம் தூரிகை கையில் நிற்காது. மற்றபடி 2021 மே கடைசியில் தெற்கு இண்டியானாவில் நான் பட்ட பாடு தனி. பதினேழு வருஷத்துக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் சிக்காடா பூச்சிகள் அந்த வருஷம் கிளம்பின. ஈரக் காகிதத்தில் வந்து உட்கார்ந்து, ஆறு காலாலும் வானத்தை இழுத்துக்கொண்டு நடந்து போகும். அந்தத் தடத்தோடேயே ஒரு படத்தை விற்றேன். வாங்கியவர் அந்தத் தடம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லித்தான் வாங்கினார்.

எனக்குச் சோறு போடுவது பெரும்பாலும் பார்க் கவுன்ட்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. இண்டியானாவின் மேற்கு ஓரம், அந்தக் கவுன்ட்டிக்குத் தலைநகர் ராக்வில். கூரை போட்ட மரப்பாலங்கள் 31 அங்கே நிற்கின்றன. கூரை எதற்கு என்று கேட்டால் காதலர்கள் முத்தமிட என்று சிரிப்பார்கள். உண்மையில் பாலத்தின் எடையைத் தாங்கும் மரச்சட்டங்கள் மழையில் நனைந்தால் பத்து இருபது வருஷத்தில் மக்கிப்போகும், மேலே கூரையும் பக்கத்தில் பலகையும் போட்டுவிட்டால் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை. பாலத்துக்குப் போட்ட குடைதான் அது. 1957லிருந்து அக்டோபரில் பத்து நாள் பாலத் திருவிழா நடக்கிறது, கார்கள் நத்தையாக ஊரும், எண்ணெயில் பொரித்த மாவில் சர்க்கரை தூவி யானைக்காது என்று விற்பார்கள்.

அந்தப் பாலங்களை வரைவது எப்படி என்று யாராவது கேட்டால், பாலத்தின் வாயில் இருக்கும் இருட்டைக் கடைசியில் போடு என்றுதான் சொல்வேன். அந்த இருட்டு கறுப்பு இல்லை. பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாக உள்ளே விழுந்துகொண்டிருக்கும், அதனால் நீலமும் செம்பழுப்பும் கலந்து, ஈரமாக இருக்கும்போதே நடுவில் கொஞ்சம் சிவப்பைத் தொட்டுவிட வேண்டும். கறுப்புக் குழாயைத் திறந்தீர்களானால் பாலத்துக்குப் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். வெளிப் பலகையில் சிவப்படித்த பாலம் என்றால் வேலை இன்னும் சுலபம். அமெரிக்கக் கிராமத்துப் பார்ன்களின், அதாவது பண்ணைகளில் நிற்கும் பெரிய மரக்கொட்டகைகளின், பேர்போன சிவப்பு இரும்புத் துருவிலிருந்து வந்தது. ஆளி விதை எண்ணெயில் துருப்பொடியைக் கலந்து அடிப்பார்கள், மலிவு, மரத்தையும் காக்கும். என் பெட்டியில் உள்ள லைட் ரெட் குழாயில் இருப்பதும் இரும்பு ஆக்சைடுதான். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பேரூர்ப் பக்கம் கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு நடுவே பார்த்து வளர்ந்த காவியும் அதே துருதானே. எனக்கு அந்தச் சிவப்பு கை தடுமாறாமல் வருவதற்கு அதுதான் காரணமோ என்னவோ.

பல பாலங்களின் நெற்றியில் எழுதியிருக்கும்: பாலத்தை நடைவேகத்தில் கடக்கவும். குதிரைகளுக்காக எழுதியது. குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் பாலம் ஆடும் என்ற பயம். அந்த எழுத்தைப் படத்தில் பொடிப்பொடியாக எழுதும்போதெல்லாம் பெயர் தெரியாத ஒரு போர்டு எழுதுபவரை நினைத்துக்கொள்வேன். பெயர் தெரிந்த ஒருவரும் உண்டு, ஓஹையோவின் பெல்மான்ட் ஊரைச் சேர்ந்த ஹார்லி வாரிக். மெயில் பவுச் என்ற புகையிலைக் கம்பெனிக்காகப் பார்ன் சுவர்களில் விளம்பரம் எழுதியவர். இரண்டாம் உலகப்போர் முடிந்து வந்து 1946ல் ஆரம்பித்து 90களின் தொடக்கத்தில்தான் நிறுத்தினார். கிட்டத்தட்ட 20,000 பார்ன் என்று கணக்குச் சொல்கிறார்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளையும் மஞ்சளுமாக எழுத்து, பார்னின் அகலம் முழுக்க. ஆறேழு வருஷமாக வரைந்து நான் முந்நூறைத் தாண்டவில்லை.

அவர் செய்தது விளம்பர வேலை. புகையிலை மெல்லுங்கள் என்று நாலு வரி. இன்றைக்கு அதே சுவர் பாரம்பரியச் சின்னம், அதை வரைந்து நான் சம்பாதிக்கிறேன். நடுவில் நடந்தது வேடிக்கை. 1965 அக்டோபர் 22ல் குடியரசுத் தலைவர் ஜான்சன் நெடுஞ்சாலை அழகுச் சட்டத்தில் கையெழுத்திட்டார், சாலையோர விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அப்புறம் ஜனங்கள் இந்தப் பார்ன்களை விட மனசில்லாமல் போராடி, 1974ல் கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள பழைய எழுத்துகளுக்கு விலக்கு வாங்கினார்கள். அதே ஜான்சன், அதே மாதம் 3ஆம் தேதி, இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்த குடியேற்றச் சட்டம். அதற்கு முன்னால் இந்தியாவுக்கு ஒதுக்கியிருந்த இடம் வருஷத்துக்கு 100 பேர். இந்த இரண்டு தேதியும் பத்தொன்பது நாள் இடைவெளியில் வருவதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் நேரம் வேலை ஓடவில்லை. என் வாடிக்கையாளர்கள் கேட்கும் காலம் எப்போதும் 1965க்கு முந்தியது. ஐம்பதுகளின் கார், ஐம்பதுகளின் சோடாக் கடை. அதாவது என்னைப் போன்ற ஒருத்தி அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்க அநேகமாக வழியே இல்லாத காலம். கறுப்பினத்தவர் காரில் போனால் எந்த ஊரில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும் என்று சொல்வதற்கென்றே 1936லிருந்து முப்பது வருஷம் தனிக் கையேடு அச்சடித்துக்கொண்டிருந்த காலம். அந்த மோட்டல் நியானை ரோஜா நிறத்தில் ஒளிரவிடுகிறபோது இது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வரும், ஆனாலும் வரைவேன். அந்த விளக்கு அழகாகத்தானே இருக்கிறது, நான் என்ன செய்ய.

இதைச் சொன்னால் என் கணவர், "பொய் நினைவை விற்கிறே" என்று கிண்டல் செய்வார். அப்படிச் சொல்லிவிட முடியாது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் காலம் வேண்டாம், ஒரு ஆள் வேண்டும். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்த அண்ணன், தானியக் கோபுரத்தில் வேலை பார்த்த அப்பா. நீல நிற பிக்கப் வண்டி ஒன்றை ஓரத்தில் சேர்த்துப் போடமுடியுமா என்று கேட்பார்கள். எந்த நீலம் என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள். நான் கலந்து காட்டிக்கொண்டே இருப்பேன், இல்லை இன்னும் வெளிறினது, வெயிலில் நின்ற நீலம் என்பார்கள். வண்டிக்குத் தனியாகக் காசு வாங்குகிறேன், வெட்கப்படவில்லை.

கடைசியாக ஒன்று. போன அக்டோபர், திருவிழாவின் ஆறாம் நாள், பிரிட்ஜ்டன் பாலத்தின் பிரின்ட்டைக் கையில் எடுத்த ஒரு பெரியவர் கேட்டார்: "இது பழைய பாலமா, புதுசா?" பிரிட்ஜ்டன் பாலம் 1868ல் கட்டியது. 2005 ஏப்ரலில் யாரோ தீ வைத்து எரித்துவிட்டார்கள். ஊர் கூடி 2006ல் அதே இடத்தில் அதே மாதிரி கட்டியது. நான் வரைந்ததோ 2018ல். பார்த்தாலே தெரியுமே, புதுசு என்றேன். பாவம், நான் சொன்ன விதம் அப்படி.

அவர் பிரின்ட்டைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். சின்ன வயதில் உள்ளே ஓடினால் பலகை எப்படித் தடதடக்கும் என்று காலைத் தரையில் தட்டிக் காண்பித்தார். பக்கத்துக் கடையில் யானைக்காது பொரிகிற சத்தத்துக்கு மேல் அது கேட்டது. "பழையதுன்னா வாங்குவேன்" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. படத்தில் பலகை நிறத்தைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட எனக்கு வராது. டிராஃப்டிங் ஆபீஸில் வளர்ந்த புத்தி, இருப்பதை இருப்பதாகத்தான் போடும்.

"எந்த வருஷம் ஓடினீங்க?" என்று கேட்டேன்.

"58."

பிரின்ட்டுக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் நாங்கள் பிரதியின் எண்ணையும் கையெழுத்தையும் போடுவது பென்சிலில்தான், அது இந்தத் தொழில் வழக்கம். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் 1958 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஐந்தின் தலைக்கோடு சரியில்லை என்று பென்சிலைக் கேட்டு வாங்கி, தானே ஒருமுறை அழுத்தி எழுதினார். சில்லறையை எண்ணிக் கொடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, நான் பிரின்ட் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் போட ஓடினேன்.